ராக்கியப்பர் சிலையில் கரைந்தவர்கள்

செங்காளிபாளையத்தில் ராக்கியப்பர் என்று ஒரு மில் முதலாளி இருந்தார், இருந்தவரைக்கும் ஊரை ஒரு வழி பண்ணினார், பிறகு ஒரு வைகாசியில் செத்துப்போனார். செத்த பிறகாவது சும்மா கிடப்பார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் மகன் கிரிதரன், மில் வாசலில் அப்பாவுக்கு ஆளுயரத்துக்கும் மேலே ஒரு சிலை வைக்கப்போகிறேன் என்று கிளம்பினான். ராக்கியப்பரின் மனைவி வேலாத்தாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"உசுரோட இருந்தப்பவே அந்த மூஞ்சிய ஒரு ஆயுசுக்குப் பாத்தாச்சு. இனி நின்னுக்கிட்டு வேற பாக்கோணுமாக்கும்."

"ஏனுங்கம்மா இப்பிடிப் பேசறீங்க? ஊருக்கே பெருமைங்க."

"ஊருக்கா, உனக்கா?"

வேலாத்தாளுக்கு அறுபது தாண்டியிருந்தது. புருஷனுக்கு அவள் வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டாள், ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் இளக்காரத்தைச் சேர்த்தே போட்டாள், ருசி தெரியாத மனுஷன் ஆனதால் அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் மீசையை முறுக்குவது, பொடிநடையாக மில்லைச் சுற்றி வருவது, 'எங்க ரத்தத்துல ஒரு சொட்டுக் கலப்பு கெடையாது' என்று பந்தியில் உட்கார்ந்து சொல்வது, எல்லாம் அவளுக்கு மாட்டுக் கொட்டகையில் ஈ சுற்றுகிற மாதிரிதான். ஆனால் வாயைத் திறந்து எதையும் சொன்னதில்லை. அதனால் மகனுக்கும் சொந்தபந்தத்துக்கும் அடுத்தபடியாக அவள் இளக்காரம் பண்ணியது தன்னைத்தான்.

மகள் தமயந்தி விஷயத்திலும் அவள் வாய் திறக்கவில்லை. பனியன் கம்பெனியில் தையல் மெஷின் பழுது பார்க்கிற சின்னராசுவைக் கட்டிக்கொண்டு தமயந்தி திருப்பூருக்குப் போனாள். சின்னராசு காலனிக்காரன். அந்தத் தெருப்பக்கமிருந்து காற்றடித்தால்கூட ராக்கியப்பர் வாய் கொப்பளிப்பார். அவர் உயிரோடு இருக்கிற மகளுக்குப் பந்தல் போட்டு, பால் தெளித்து, கருமாதி முடித்து, ஊரைக் கூப்பிட்டு இலை போட்டார். அன்றைக்கு வேலாத்தாளும் தலை முழுகினாள். முழுகினாளா, முழுக வைத்தார்களா என்று கேட்டால், ரெண்டுக்கும் ஒரே ஈரந்தான் என்பாள்.

சரி, சிலை. வெண்கலத்துக்கு விலை கேட்டுவிட்டு வந்த கிரிதரனுக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவனுக்கு ஒரு யோசனை பிறந்தது, அல்பத்தனத்துக்குப் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், இதுவும் அழகாக இருந்தது. அப்பா மக்களின் சொத்து, அதனால் மக்களே சிலை வைப்பார்கள், வீட்டுக்கு ஒரு பித்தளையோ செம்போ வெண்கலமோ கொடுத்தால் போதும் என்று ஆட்டோவில் மைக் கட்டி விட்டான். மில்லில் வேலை பார்க்கிறவர்கள் பயந்து கொடுத்தார்கள், வேலை கேட்டு நிற்கிறவர்கள் ஆசைப்பட்டுக் கொடுத்தார்கள், எவர்சில்வர் வந்த பிறகு பரணில் பச்சை பூத்துக் கிடந்ததை இடத்தை அடைக்கிறதே என்று சிலர் கொடுத்தார்கள். எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, செத்தவர்கள் நினைவாக வாங்கியது என்று குடமும் போசியும் சொம்பும் தாம்பாளமும் பெயர்களோடு வந்து மில் கொட்டகையில் குவிந்தன.

முதலில் காலனியை விட்டுவிட்டு முன் தெருக்களில் மட்டும் வாங்கினார்கள். அது சிலையின் இடுப்பு வரைக்கும்கூடக் காணாது என்று வார்ப்புக்காரர் சொல்லிவிட்டார். அப்புறம் ஆட்டோ காலனிக்கும் போனது, தெரு முனையிலேயே நின்றது, பாத்திரங்களைத் தரையில் வைக்கச் சொன்னார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், பிறகு எடுத்து வண்டியில் போட்டார்கள். இதை வேலாத்தாள் காரில் உட்கார்ந்து பார்த்தாள். டிரைவரிடம், "பாரு, அவங்க ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டானுங்க. சொம்ப மட்டும் வாங்கிக்குவானுங்க" என்றாள். டிரைவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கியரை மாற்றினான்.

அப்படியும் கொஞ்சம் குறைந்தது. கிரிதரன் வீட்டுப் பரணில் ஏறி, தமயந்தி கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சீர்ப் பாத்திரங்களை இறக்கினான். அண்டா, குத்துவிளக்கு, செப்புக் குடம், எல்லாவற்றிலும் 'ரா. தமயந்தி' என்று சுழித்து எழுதியிருந்தது. வேலாத்தாள் வாசலை மறித்து நின்றாள்.

"அதத் தொடாத கிரி."

"செத்தவளுக்கு எதுக்குங்கம்மா குடம்?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பனின் முகம், அப்பனின் கழுத்து, அப்பனின் வியர்வை நாற்றம். ஒரு மனுஷனையே இரண்டு தடவை பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நகர்ந்துவிட்டாள். நகர்ந்த காலை ராத்திரியெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள்.

வார்ப்புக்காரர் ஏகாம்பரம் கும்பகோணம் பக்கத்துக்காரர். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், வெயிலுக்கும் நிழலுக்கும் கழற்ற மாட்டார், தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அவர் கொள்கை. மெழுகில் ராக்கியப்பரை அச்சாகச் செய்தார், மீசை முறுக்கு உட்பட, மேலே மண் பூசி மெழுகை உருக்கி வடித்தார். ஊர்ப் பாத்திரங்களையெல்லாம் மூசைச் சட்டியில் போட்டு உருக்கினார். பெயர்கள் முதலில் சிவந்தன, பிறகு வளைந்தன, பிறகு காணாமல் போயின. ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைத்தபோது உள்ளே நின்றவர் ராக்கியப்பர் இல்லை.

வேட்டி அவருடையதுதான், துண்டு அவருடையதுதான், கைத்தடியைப் பிடித்திருக்கிற தோரணையும் அவருடையதுதான். முகம் மட்டும் பாத்திரம் கொடுத்தவர்களுடையதாகவும், பாத்திரத்தில் பெயர் இருந்தவர்களுடையதாகவும் இருந்தது. ஒட்டுப்போட்ட முகம் மாதிரி கண் ஒருவருக்கு, காது ஒருவருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக் காந்திமதி டீச்சரின் மூக்கு என்று பார்க்கத் தொடங்கினால், நுனிக்கு வருவதற்குள் அது சுடுகாட்டில் வேலை பார்க்கிற ஒண்டியப்பனுடையதாக ஆகியிருந்தது. ஒண்டியப்பனைத் தேடிக் கன்னத்துக்குப் போனால் அங்கே டீக்கடை மீரான் பாய் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் எல்லா இடத்திலும் இருந்தார்கள். ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, "வார்ப்பு சுத்தமா வந்திருக்கு, ஒரு பொத்தல் இல்ல" என்றார். அத்தோடு கூலி கேட்டார்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. துணியை இழுக்க வந்த பெரிய மனுஷர் ராக்கியப்பரை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. துணியை இழுத்தார், அண்ணாந்து பார்த்தார், "ஆகா, ஐயாவை நேரில் பார்ப்பது போலவே இருக்கிறது, அதே கம்பீரம், அதே கருணை" என்று மைக்கில் கண்கலங்கினார். கூட்டம் கைதட்டியது. வேலாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், துக்கம் தாங்காமல் குலுங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் சிலை தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கோபம் வந்தால் தமயந்தி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஊர் அதிசயப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மறுநாளே ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். 'இந்தா இருக்கறா பாரு உன்ற ஆயா' என்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். தறிகெட்டு ஊரைவிட்டு ஓடிப்போன பையனின் தாடையைக் கண்டுபிடித்த ஒருத்தி, தினமும் வந்து அதற்கு எண்ணெய் தடவினாள். சளி பிடித்தால் சிலையின் நெஞ்சில் தைலம் தடவினார்கள், பரீட்சைக்குப் போகிற பெண்கள் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனார்கள், மீரான் பாய் காலையில் முதல் டீயைப் பீடத்தில் வைத்துவிட்டுத்தான் கல்லாவில் உட்கார்ந்தார். பாத்திரம் கொடுக்காமல் ஒளித்துவைத்தவர்கள் முகத்தில் தங்களைத் தேடித் தேடி, கிடைக்காமல், கிரிதரனைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

முன் தெருக்காரர்களுக்குத்தான் சிக்கல். தங்கள் பங்குக்கு மட்டும் மாலை போட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், எது தங்கள் பங்கு என்று தெரியவில்லை. கழுத்தில் போட்டால் அது ஒண்டியப்பனுக்கும் விழுகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி வேலாத்தாள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, போண்டா தின்றுகொண்டே மானம் போய்விட்டது என்றார்கள். அப்பாவுக்கு என்று ஒரு அடையாளம் வேண்டும் என்று முடிவாகி, இரும்பில் பெரிய மீசை அடித்து உதட்டுக்கு மேலே ஒட்டவைத்தார்கள். விடிந்து பார்த்தபோது மீசை பீடத்துக்குக் கீழே கிடந்தது, நாய் ஒன்று அதை மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஒட்டவைத்தவனுக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்கவில்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது.

கிரிதரன் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அதே ஹாலில் சொந்தக்காரர்கள் நடுவே உட்காரவைத்தான்.

"அந்தக் காலனிப் பாத்திரத்த மட்டும் பிரிச்சு எடுத்துருங்க. எங்க தெருவுது இருந்தாப் போதும்."

ஏகாம்பரம் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, கல்லும் மண்ணும் கலந்தா சல்லடை போட்டுப் பிரிக்கலாம். இது கரைஞ்சு போச்சு. சர்க்கரை தண்ணியில கரையுற மாதிரி. என்ன, தண்ணி தண்ணியாவே இருக்கும், இது ஆறிக் கெட்டிப்பட்ட பிறகும் கரைஞ்சேதான் இருக்கும். செம்பு பொடிப்பொடியா, வரிசை வரிசையா உக்காந்திருக்குன்னு வைங்க, சினிமாக் கொட்டாய்ல ஆளுங்க உக்காந்த மாதிரி. பித்தளைக்குள்ள இருக்குற துத்தநாகமும் ஏறக்குறைய அதே உடம்பு. ஒரு செம்பு எந்திரிச்ச இடத்துல போயி உக்காந்துக்கும். வரிசை கலையாது. பக்கத்து சீட்டுக்காரன் யாருன்னு செம்பு கேக்குறதில்ல. ஒரு சிட்டிகை சுரண்டி எடுங்க, மூக்குலேருந்து எடுத்தாலும் முட்டியிலேருந்து எடுத்தாலும் எல்லாம் அதே கணக்குலதான் இருக்கும்."

"அதுனால என்ன ஆவுது?"

"பலமாவுது. தனிச் செம்பு கையில வளையும். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா வரிசை சுலபமா வழுக்கும். நடுவுல கொஞ்சம் வேற ஆளு உக்காந்தா வழுக்காது."

உள்ளே ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வேலாத்தாள், "சத்தமாச் சொல்லுங்க ஏகாம்பரம், போண்டா திங்கறவங்களுக்குக் காது கேக்கல" என்றாள்.

கிரிதரன் விடவில்லை. காசு போனாலும் பரவாயில்லை என்று அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னான். நிறையச் சுத்தச் செம்பு வாங்கி ஊற்றினால் மற்றதெல்லாம் அமுங்கிவிடும் என்பது அவன் கணக்கு. அதோடு அப்பாவின் அம்சம் ஒன்று உள்ளே போக வேண்டும் என்று, மில் ஆபீசில் பூசை போட்டு வைத்திருந்த ஈயக் குண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா வியாபாரம் ஆரம்பித்தபோது ராசியாக வைத்திருந்த குண்டுகள் என்று அவனுக்குத் தெரியும். அது என்ன ராசி என்று வேலாத்தாளுக்குத் தெரியும். படிக்கல்லின் அடியைக் குடைந்து, இந்த மாதிரிக் குண்டுகளை உருக்கி ஊற்றிக் கனம் ஏற்றி, அதை வைத்துத்தான் ராக்கியப்பர் பருத்தி விளைவிக்கிற சம்சாரிகளிடம் எடை போட்டு வாங்கினார். வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, எடை குறைகிறதே என்று தலையைச் சொறிந்துகொண்டு போன மனுஷர்களை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"தாராளமாப் போடு" என்றாள் மகனிடம். "உங்கொப்பனோட அம்சம் அதுதான்."

"ஈயம் சேராது தம்பி" என்றார் ஏகாம்பரம். "உருகுறப்ப கூட வரும். ஆறினா வெளியே நின்னுக்கும், சொட்டுச் சொட்டா. அதுக்கு உடம்பு பெருசு, அந்த சீட்டுல அடங்காது."

"நான் சொல்றதச் செய்யுங்க."

செய்தார். சிலை இரண்டாம் தடவை வெளியே வந்தது, முன்னைவிடச் சிவப்பாக, அதே முகத்தோடு. நிறம் ஏறியதில் எல்லாரும் கொஞ்சம் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். பார்க்க வந்த ஊர், நல்லாக் களையா இருக்கறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சித்திரை வெயில் ஏற ஏற, சிலையின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பிடரியிலும் சாம்பல் நிறத்தில் சொட்டுகள் கசிந்தன, வழிந்து வந்து பீடத்தில் காக்கை எச்சம் மாதிரி உறைந்தன. ராக்கியப்பர் வெளியேறிக்கொண்டிருக்கிறார் என்று ஊரில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மில்லில் கூட்டுகிற பெண்கள் தினமும் காலையில் அவரைத் தட்டிச் சுரண்டி முறத்தில் அள்ளினார்கள், வலை வீசுகிறவர்கள் வந்து குண்டு கட்டுவதற்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழைக்குள் அவர் சுத்தமாகத் தீர்ந்துபோனார். இவ்வளவு சிரமமில்லாமல் அந்த ஆளை வீட்டைவிட்டு அனுப்ப முடியும் என்று தெரிந்திருந்தால் கல்யாணத்தன்றைக்கே வெயிலில் நிறுத்தியிருக்கலாமே என்று வேலாத்தாள் நினைத்தாள்.

மூன்றாம் தடவை உருக்கக் கிரிதரன் லாரி கொண்டுவந்தபோது, மீரான் பாயும் காந்திமதி டீச்சரும் ஒண்டியப்பனும் காலனியும் முன் தெருவில் பாதியும் பீடத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். என் தாடையை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? லாரி திரும்பிப் போனது. கடைசியில் சிலையைத் திருப்பி மில் சுவரைப் பார்க்க நிறுத்தினான். அதற்கும் ஊர் ஒன்றும் சொல்லவில்லை, சுவருக்கும் சிலைக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து, நெருக்கி நின்று, இன்னும் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தது. அந்தச் சந்தில் யார் யாரை இடித்தார்கள் என்று கணக்கு வைக்க முன் தெருவில் யாருக்கும் இடமில்லை.

வேலாத்தாளும் போனாள். பட்டுப் புடவை சுவரில் உரச, ஒண்டியப்பன் முழங்கை விலாவில் இடிக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த அந்தப் பார்வைக்கு நேராக முகத்தை வைத்து நின்றாள். நின்றுவிட்டு வெளியே வந்தபோது மொபெட் ஒன்று வந்து நின்றது. சின்னராசு ஓட்டிக்கொண்டு வந்தான், பின்னால் தமயந்தி, இருவருக்கும் நடுவே ஒரு பெண் குழந்தை. தமயந்தி இளைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"என்ற பாத்திரத்தப் பூரா உருக்கீட்டீங்களாமா. கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"தமயந்தி, உள்ள போயிப் பாரு கண்ணு. நீ இருக்கற. உன்ற கண்ணு அப்பிடியே..."

"என்ற கண்ணு என்றகிட்டத்தான் இருக்குது. குடத்தக் கேட்டு வந்தேன், பொம்மையப் பாக்க வரல."

"எனக்குப் பாக்கறதுக்கு வேற என்ன இருந்துச்சு?"

"பஸ் இருந்துச்சுங்க. இங்க இருந்து திருப்பூருக்கு நாளெல்லாம் பஸ் ஓடுது. நான் செத்தனா இருக்கறனான்னு ஒருதடவ வந்து பாத்தீங்களா? பித்தளைல வந்தாத்தான் உங்களுக்கு மக தெரியுமாக்கும்."

சின்னராசு, "வெயில்ல நிக்க வேண்டாம், வா" என்றான். மாமியாரை அவன் திட்டவில்லை, கும்பிடவும் இல்லை, ரோட்டில் நிற்கிற ஒரு பொம்பளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வேலாத்தாள் ஊரையெல்லாம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னை ஒருத்தர் அப்படிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துகிறது என்று தெரிந்தது.

"ஊட்டுக்கு வரட்டுமா?" என்றாள்.

"வாங்க. கதவத் தொறப்பனான்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தமயந்தி ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் வேலாத்தாள் கார் எடுக்காமல் டவுன் பஸ்ஸில் திருப்பூருக்கு விசாரித்துக்கொண்டு போனாள். கண்டக்டரிடம் எப்படிச் சீட்டு வாங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் ஊதாவாக ஓடுகிற ஒரு சந்தில், வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது. கதவு திறக்கவில்லை. அவள் படியில் உட்கார்ந்தாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி, "கொஞ்சம் நகந்து உக்காருங்க, வழி வேணும்" என்றாள். நகர்ந்தாள். அடுத்து வந்தவளுக்கும் நகர்ந்தாள். மத்தியானம் சின்னராசு சாப்பிட வந்து, அவளைத் தாண்டி உள்ளே போய், சாப்பிட்டு, தாண்டி வெளியே போனான். போகும்போது, "சோறு வேணுமான்னு கேக்கச் சொன்னா" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, "வேணும்" என்றாள். தட்டில் ரசஞ்சோறு வந்தது, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவு சாத்தியிருந்தது.

இப்படியே அன்றைக்கும், அடுத்த நாளும், அதற்கப்புறம் பல நாளும் போனது. வீட்டில் கிரிதரன், எங்கீங்கம்மா போறீங்க, மானம் போவுது என்று குதித்தான். "அதத்தான் விட்டுட்டு வரப் போறேன்" என்றாள்.

ஒருநாள் கதவு திறந்தது. தமயந்தி ஒரு பெரிய பனியன் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் தொப்பென்று போட்டாள், கூடவே ஒரு சின்னக் கத்தரியையும்.

"சும்மா உக்காந்து தின்னுட்டுப் போனா எப்பிடி? பிசிறு வெட்டுங்க. சாயங்காலம் கம்பெனி வண்டி வரும்."

வேலாத்தாள் ஒரு பனியனை எடுத்து மடியில் போட்டாள். தையல் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கியது. கண் சரியாகத் தெரியவில்லை, கத்தரி நூலோடு துணியையும் கொஞ்சம் கடித்துவிட்டது. தமயந்தி வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இதுகூடத் தெரியலையா? இவ்வளவு நாள் என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல" என்றாள் வேலாத்தாள்.

தமயந்தி அவளை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு படியில், அம்மாவுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி உட்கார்ந்து, கத்தரியைத் தட்டையாகப் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது, நுனியால் மட்டும் வெட்ட வேண்டும் என்று எரிச்சலோடு செய்து காட்டினாள். குழந்தை உள்ளிருந்து வந்து இருவரையும் பார்த்துவிட்டு, வெட்டிப் போட்ட நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கியது. மூட்டை பெரியது. சாயங்காலத்துக்குள் முடிகிற மாதிரி இல்லை.